கற்றை போனபின்னும் தங்கிய கடிகாரம்

‘வைஸ் சிட்டி’ 2003 மே மாதம் கணினிக்கு வந்தது. அதன் திரை அமைப்புப் பட்டியலில் ஒளியளவு, பார்வைத் தொலைவு ஆகியவற்றுக்குக் கீழே ‘ஃபிரேம் சின்க்’, ‘ஃபிரேம் லிமிட்டர்’ என்று இரண்டு வரிகள் இருந்தன. அவை எதற்காக என்று விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. இந்திய நகரங்களின் பிரௌசிங் சென்டர்களிலும் வீட்டுக் கணினிகளிலும் அதை ஆடி வளர்ந்த தலைமுறையில் பலர் அவ்விரு வரிகளையும் தொட்டதே இல்லை. தொட்டவர்கள், வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டையும் அணைத்தார்கள். வேகம் கூடியது. கூடவே வேறொன்றும் நிகழ்ந்தது. கடற்கரைச் சாலையில் நின்று மவுசைச் சட்டென்று திருப்பினால் பனைமரம் இடுப்பளவில் வெட்டுண்டது போலாகி, மேற்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி மறுபக்கமுமாக விலகி நின்றது. அடுத்த நொடியில் சேர்ந்துகொண்டது. மீண்டும் திருப்பினால் வெட்டு வேறோர் உயரத்தில்.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் ‘திரைக்கிழிவு’ எனலாம். ஆனால் பெயர் சற்றே ஏமாற்றுகிறது. அங்கே எதுவும் கிழிவதில்லை. இரண்டு வெவ்வேறு கணங்களில் வரையப்பட்ட இரு படங்களின் துண்டுகள் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. கண்ணில் படுவது அந்த ஒட்டின் தையல். கேமரா அசையாமல் நின்றால் இரு படங்களும் ஒன்றுபோல இருப்பதால் தையல் தெரியாது. பக்கவாட்டில் திரும்பும்போது செங்குத்தான பொருள்களில், அதாவது மரத்தில், கம்பத்தில், கதவு நிலையில், அது அப்பட்டமாகத் தெரியும். கிராபிக்ஸ் கார்டு பழுது, மானிட்டர் பழுது என்று நினைத்துப் பணம் செலவழித்தவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. ஒன்று மற்றொன்றின் நேரத்தை மதிப்பதில்லை, அவ்வளவுதான். யாருடைய நேரத்துக்கு யார் காத்திருப்பது என்ற இந்த வழக்கு தொலைக்காட்சியின் காலத்தில் தொடங்கியது.

பழைய குழாய்த் திரையில் படம் என்று ஒன்று முழுமையாக ஒரு கணமும் இருந்ததில்லை. மின்னணுக் கற்றை ஒன்று இடமிருந்து வலமாக ஒரு வரியைத் தீட்டும். பிறகு அடுத்த வரி. இப்படி மேலிருந்து கீழ்வரை. அடிக்கு வந்ததும் அணைந்து, மீண்டும் உச்சிக்குத் திரும்பும். பார்ப்பவரின் கண்ணும் திரையின் பூச்சும் சேர்ந்துதான் அந்த ஓட்டத்தைப் படமாக நிறுத்தின. வினாடிக்கு எத்தனை முறை கற்றை மேலிருந்து இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில் ஓவியக் காரணம் எதுவும் இல்லை. மின்கம்பிதான் முடிவு செய்தது. அமெரிக்காவில் மின்வழங்கலின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். ஆகவே அங்கே வினாடிக்கு 60 இறக்கம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50, ஆகவே 50. இரண்டும் பொருந்தினால், மின்வழங்கலிலிருந்து படத்தில் கசியும் நிழற்பட்டை ஓரிடத்தில் நிற்கும்; பொருந்தாவிட்டால் திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். இன்றும் சந்தையில் பல மானிட்டர்கள் ‘60 ஹெர்ட்ஸ்’ என்ற எண்ணைத் தாங்கியிருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

கற்றை அடியிலிருந்து உச்சிக்குத் திரும்பும் அந்தச் சிறு இடைவெளி இந்த வரலாற்றில் மிக முக்கியமானது. அப்போது திரையில் எதுவும் தீட்டப்படுவதில்லை. கணிப்பொறிக்காரர்களுக்கு அது ஒரு திரைமறைவு நேரம். மேடையில் திரை விழுந்திருக்கும்போது பொருள்களை மாற்றி வைப்பது போல, அந்த நேரத்தில் எதை மாற்றினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது.

1977இல் வந்த அட்டாரி 2600 இந்த இடைவெளியிலேயே வாழ்ந்தது. அதன் நினைவகம் வெறும் 128 பைட். ஒரு முழுப் படத்தைச் சேமித்து வைக்க அதனிடம் இடமே இல்லை. எனவே நிரல், கற்றையோடு கற்றையாக ஓடி, அடுத்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதை அந்த வரி வருவதற்குச் சற்றுமுன் வன்பொருளிடம் ஒப்படைத்தது. ஒரு வரிக்குச் செயலியின் 76 சுழற்சிகள் மட்டுமே. ஆட்டத்தின் மதிப்பெண், மோதல், எதிரியின் நகர்வு ஆகியவற்றைக் கணக்கிடும் வேலையில் பெரும்பகுதி கற்றை திரும்பும் இடைவெளியில் முடிந்தாக வேண்டும். கொடுமையான ஒழுங்கு. ஆனால் இன்று நாம் அறிந்த வகைத் திரைக்கிழிவு அங்கே பிறக்கவே வழியில்லை. எழுதுபவனும் படிப்பவனும் ஒரே கடிகாரத்தில் கட்டுண்டிருந்தார்கள்.

கட்டு அவிழ்ந்தது நினைவகம் மலிவானபோது. படம் முழுவதையும் நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டால், திரைப்பகுதி அதைத் தன் போக்கில் படித்துக் காட்டிக்கொள்ளும். நிரல் தன் போக்கில் எழுதிக்கொள்ளும். பெரிய விடுதலை இது. ஆனால் ஏடு ஒன்றே. ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் ஏட்டை, மற்றொருவர் அதே நேரத்தில் அழித்து எழுதினால், கேட்பவர் காதில் மேற்பகுதி பழைய பாடமாகவும் கீழ்ப்பகுதி புதிய பாடமாகவும் விழும். படிப்பவர் பிழையாகப் படிக்கவில்லை. எழுதுபவர் பிழையாக எழுதவில்லை. இரு பாடங்களும் கலந்த ஒன்றை, யாரும் இயற்றாத ஒன்றை, கேட்பவர் கேட்கிறார்.

ஐபிஎம் கணினியின் 1981ஆம் ஆண்டு வண்ண அட்டையில் இச்சிக்கலுக்கு ஓர் ஒன்றுவிட்ட உறவினர் இருந்தது. அந்த அட்டையின் நினைவகம் செயலிக்கும் திரைக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல இயலாதது. 80 எழுத்து அகல முறையில் செயலி எழுதப் புகுந்தால், திரையில் வெண்புள்ளிகள் தெறித்தன. ‘பனி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நல்ல நிரலாளர்கள் அட்டையின் நிலைப் பதிவகத்தில் இருந்த ஒரு பிட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கற்றை திரும்புகிறது என்ற பதில் வந்த பின்னரே எழுதினார்கள். இன்றைய அமைப்புப் பட்டியலில் ‘வி-சின்க்’ என்று ஒரு சொல்லில் சுருங்கிக் கிடப்பது இந்தக் காத்திருப்புதான்.

1987இல் வந்த விஜிஏ அட்டையின் புகழ்பெற்ற முறை 320×200 புள்ளிகள், 256 வண்ணங்கள். புள்ளிக்கு ஒரு பைட்டாக 64,000 பைட். எளிமையான முறை என்பதால் எல்லோரும் அதை விரும்பினார்கள். ஆனால் அந்த எளிமைக்கு விலை இருந்தது. அட்டையில் 256 கிலோபைட் இருந்தும் இந்த முறையில் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் வழி. நிரலாளர் கணினியின் முதன்மை நினைவகத்தில் படத்தை வரைந்து, பிறகு மொத்தமாகத் திரை நினைவகத்துக்கு நகலெடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். அம்முறையில் திரை வினாடிக்கு ஏறத்தாழ 70 முறை புதுப்பிக்கப்பட்டது. ஒரு முறைக்கு 449 வரிகள். அவற்றில் படத்துக்கு 400. மீதி 49 வரிகளுக்கான நேரம் ஒன்றரை மில்லிவினாடியைச் சற்றே தாண்டும். அந்த இடைவெளிக்குள் 64,000 பைட்டையும் நகர்த்த வேண்டுமானால் வினாடிக்கு 40 மெகாபைட் வேகம் வேண்டும். அக்காலத்து ஐஎஸ்ஏ பாதை நடைமுறையில் தந்ததோ சில மெகாபைட். ஆகவே காத்திருந்து தொடங்கினாலும் நகலை முடிப்பதற்குள் கற்றை வந்து முந்திக்கொண்டு போகும். முந்திய இடத்தில் ஒரு தையல்.

இதிலிருந்து தப்ப வழி கண்டவர்கள் வன்பொருளின் மூலைமுடுக்குகளைத் தேடியவர்கள். மைக்கேல் ஆப்ராஷ் 1991இல் டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரைகளால் பரவிய ‘மோட் எக்ஸ்’ அவற்றுள் ஒன்று. அட்டையின் நினைவகத்தை நான்கு தளங்களாகப் பிரித்து ஆளும் முறை அது. அதனால் 256 கிலோபைட்டும் கைக்கு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. ஒரு பக்கம் திரையில் தெரியும்போது மற்றொன்றில் வரையலாம். முடிந்ததும் நகலெடுக்க வேண்டியதில்லை. ‘இனி இங்கிருந்து படி’ என்று முகவரியை மட்டும் மாற்றினால் போதும். கற்றை உச்சிக்குத் திரும்பும்போது அட்டை புதிய முகவரியை எடுத்துக்கொள்ளும். ஏட்டைத் திருத்துவதற்குப் பதில் புதிய ஏட்டைக் கையில் கொடுப்பது போன்றது.

ஜான் கார்மாக்கும் அவருடைய நண்பர்களும் இக்காலத்தில்தான் வளர்ந்தார்கள். 1990 செப்டம்பரில் ஓர் இரவில் கார்மாக்கும் டாம் ஹாலும், நின்டெண்டோவின் ‘சூப்பர் மரியோ 3’ ஆட்டத்தின் முதற்கட்டத்தைக் கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். மரியோவின் இடத்தில் ஓடியது, டாஸ் காலத்து இந்தியப் பள்ளிக் கணினி அறைகளில் பலருக்கு அறிமுகமான அதே ‘டேஞ்சரஸ் டேவ்’. பின்னணி முழுவதையும் மீண்டும் வரையாமல், இஜிஏ அட்டையின் நகர்த்தும் வசதியைக் கொண்டு திரையை நகர்த்தி, மாறிய கட்டங்களை மட்டும் வரைந்த உத்தி அது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘கமாண்டர் கீன்’ அந்த உத்தியின் மேல் நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1993 டிசம்பரில், ‘டூம்’. அதன் உலகம் வினாடிக்கு 35 முறை துடித்தது. 35 என்பது யாருடைய ராசி எண்ணும் அன்று; 70இல் பாதி. மூன்று பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டியதால் வரையும் கை காத்திருக்க வேண்டியதும் இல்லை, கண் தையலைக் காண வேண்டியதும் இல்லை.

இந்த 70 என்ற எண் இன்று ஒரு வரலாற்றுச் சிக்கலாகியிருக்கிறது. டாஸ் காலத்து ஆட்டங்களைப் பாதுகாப்பதில் டாஸ்பாக்ஸ் போன்ற நிரல்கள் செய்யும் பணி பெரிது. ஆனால் வினாடிக்கு 70 படம் தரும் ஆட்டத்தை 60 மட்டுமே காட்டும் திரையில் ஓட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். வி-சின்க் போட்டால் வினாடிக்கு 10 படங்கள் காணாமற்போகும். சீராக நகர வேண்டிய பின்னணி தடுக்கித் தடுக்கி நகரும். போடாவிட்டால் கிழியும். 1991இல் ஒரு சிறுவன் கண்ட வழுவழுப்பான ஓட்டத்தை, அன்றைய இயந்திரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமான இன்றைய கணினி காட்டத் தவறுகிறது. மானிட்டரை 70 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தவர்கள் மட்டும் அதை மீண்டும் காண்கிறார்கள். பழைய ஓலையைப் படியெடுக்கும்போது எழுத்து மட்டும் தப்பி, சீர் தவறிப்போவதற்கு ஒப்பானது இது.

முப்பரிமாண ஆட்டங்கள் வந்ததும் சிக்கலின் இயல்பே மாறியது. இருபரிமாணத்தில் ஒரு படத்தை வரைய எவ்வளவு நேரமாகும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். முப்பரிமாணத்தில் சுவரைப் பார்த்து நின்றால் ஒரு கணக்கு. கதவைத் திறந்து பத்து எதிரிகள் நிற்கும் கூடத்தைப் பார்த்தால் வேறு கணக்கு. வரைபவரின் கடிகாரம் ஒவ்வொரு படத்துக்கும் மாறியது. திரையின் கடிகாரமோ மாறவே இல்லை.

1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டையில் நினைவகம் 4 மெகாபைட். அதில் பாதி பரப்புப் படங்களுக்கு, பாதி திரைக்கு. 640×480 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு படம் 614,400 பைட். காட்டும் படம் ஒன்று, வரையும் படம் ஒன்று, எது முன்னே எது பின்னே என்று குறித்துவைக்கும் ஆழக்கணக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து 18 லட்சத்து 43 ஆயிரத்து 200 பைட். 2 மெகாபைட்டில் மீதி இருக்கும் இடத்தில் நான்காவது ஒன்று நுழையாது. டூம் அனுபவித்த மூன்றாம் பக்கத்தின் சௌகரியம், அதைவிடப் பலமடங்கு ஆற்றல் வாய்ந்த அட்டையில் இடமின்மையால் இல்லாமற்போனது. இந்த நகைமுரண் கவனிக்கத்தக்கது.

மூன்றாம் பக்கம் இல்லாதபோது வி-சின்க் எவ்வளவு கொடுமையானது என்பதை 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்து எளிதாகக் காணலாம். அத்திரைக்கு ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிவினாடி. வினாடிக்கு 55 படம் வரைய வல்ல அட்டைக்கு ஒரு படத்துக்கு 18.2 மில்லிவினாடி தேவை. ஒன்றரை மில்லிவினாடி தாமதம். பேருந்து போய்விட்டது, அடுத்த பேருந்துக்காக 33.3 வரை நிற்க வேண்டும். வரைவதற்கு வேறு பக்கமும் இல்லை என்பதால் அதுவரை அட்டை சும்மா இருக்கும். விளைவு, 55 அன்று, 30. இன்னும் சற்றுக் கனமான காட்சியானால் 20, பிறகு 15. இடையில் படிகளே இல்லை. ஆடுபவர் உணர்வது, ஆட்டம் திடீரென்று சேற்றில் இறங்கியது போன்ற ஒரு கனம்.

வி-சின்க்கை அணைக்கும் பழக்கம் வேரூன்றியதற்கு இது ஒரு காரணம். அட்டைகளின் போட்டி மற்றொரு காரணம். ‘குவேக்’ ஆட்டத்தில் பதிவான ஓர் ஓட்டத்தை முழு வேகத்தில் ஓட்டி, வினாடிக்கு எத்தனை படம் என்று எண்ணுவது 1990களின் இறுதியில் இதழ்களின் வழக்கமானது. வி-சின்க் இருந்தால் எல்லா அட்டைகளும் மானிட்டரின் எண்ணில் முட்டி நிற்கும். வெற்றி தோல்வி தெரியாது. ஆகவே சோதனைக்கு அதை அணைத்தார்கள். சோதனைக்காக அணைத்ததை வாசகர்கள் ஆடுவதற்கும் அணைத்தார்கள். அளக்கும் முறை மெல்ல மெல்லப் பார்க்கும் முறையாகிவிட்டது. இதில் இதழ்களைக் குறை சொல்வதா வாசகர்களைக் குறை சொல்வதா என்பது வேறு விவாதம்; எப்படியும், முழுமையான படத்தைவிட உயரமான எண் மதிப்பு மிக்கது என்ற எண்ணம் அப்போது பதிந்து, இன்னும் முழுதாகப் போகவில்லை.

மூன்றாவது காரணம் மெய்யானது, எளிதில் தள்ள முடியாதது. காத்திருக்கும் படம் பழைய படம். மவுசை அசைத்ததற்கும் திரை அசைந்ததற்கும் இடையே வி-சின்க் ஒரு தாமதத்தை வைக்கிறது. 1999இல் வந்த ‘குவேக் 3’ போன்ற ஆட்டத்தில் எதிரியைக் குறிவைப்பவருக்கு அந்தத் தாமதம் தையலைவிடப் பெரிய குற்றம். கிழிந்த திரையின் கீழ்ப்பாதியில் இருப்பது மேற்பாதியைவிடப் புதிய செய்தி அல்லவா? தேர்ந்த ஆட்டக்காரர்கள் தெரிந்தேதான் கிழிவைத் தேர்ந்தார்கள். அந்த ஆட்டத்தில் வேறொரு விந்தையும் உண்டு. அதன் இயற்பியல் கணக்கு மில்லிவினாடிகளிலும் முழு எண்களிலும் திருத்தப்பட்டதால், வினாடிக்கு 125 படம் என்று வைத்தால் வீரர் சற்று உயரமாகத் தாவ முடிந்தது. பார்க்கும் வேகம் ஆட்டத்தின் விதியையே மாற்றியது.

பழைய ஆட்டங்களைத் திருத்தப் புகுபவர் தவறவே கூடாத இடம் இது. ‘ஃபிரேம் லிமிட்டர்’ வெறும் அலங்காரம் அன்று. வைஸ் சிட்டியில் அதை அணைத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 30 என்று எண்ணி எழுதப்பட்ட உலகம் நூற்றுக்கணக்கில் ஓடத் தொடங்கும். வண்டிகளின் நடத்தையில் விசித்திரங்கள் தலைகாட்டும். 2011 நவம்பரில் வந்த ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தில் அமைப்புக் கோப்பின் ஒரு வரியைப் பூஜ்யமாக்கி வி-சின்க்கை அணைத்தவர்கள், அறைக்குள் நுழைந்ததும் மேசைமேல் இருந்த பாத்திரங்களும் பாலாடைக் கட்டிகளும் தாமாகவே வெடித்துப் பறப்பதைக் கண்டார்கள். அதன் இயற்பியல் 60ஐத் தாண்டுவதற்கு ஆயத்தமாக இல்லை. 2012இல் 30 படத்தில் பூட்டப்பட்டுக் கணினிக்கு வந்த ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டத்தை ரசிகர் ஒருவரின் நிரல்கொண்டு 60க்குத் திறந்தவர்கள், ஏணியில் சறுக்கி இறங்கும்போது தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தார்கள். ஒரு பழைய ஆட்டத்தில் நேரம் என்பது திரையின் தனிச்சொத்து அன்று. கதவும் கல்லும் எதிரியும் அதே நேரத்தில் வாழ்கின்றன. அவற்றைக் கேட்காமல் நேரத்தை மாற்றுபவர் பாடபேதத்தை உண்டாக்குகிறார்.

இதற்கிடையில் குழாய்த் திரை போய்த் தட்டைத் திரை வந்தது. தட்டைத் திரையில் கற்றை இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அடுத்த செய்தி வரும்வரை தன் நிறத்தைத் தானே தாங்கி நிற்கும். கொள்கையளவில் ஒரு குறித்த வேகத்தில் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் பெருமளவு தளர்ந்துவிட்டது. ஆயினும் கம்பிவழி வரும் செய்தி பழைய வழக்கப்படியே வந்தது: மேலிருந்து கீழாக, வரிவரியாக, வினாடிக்கு 60 முறை, இறுதியில் இல்லாத கற்றை திரும்புவதற்கு ஓர் இடைவெளியும் விட்டு. குழாய்த் திரையில் 85 அல்லது 100 ஹெர்ட்ஸ் வைத்து ஆடியவர்கள் புதுத்திரைக்கு மாறியதும் கிழிவு கூடியதாக முறையிட்டது கற்பனை அன்று. ஒவ்வொரு தையலும் முன்னிலும் நெடுநேரம் கண்முன் நின்றது.

திருத்தும் வழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அவற்றில் சில தற்செயல். விண்டோஸ் விஸ்டா 2007இல் கடைக்கு வந்தபோது எல்லா சாளரங்களையும் முதலில் தனியிடத்தில் சேர்த்து, திரையின் நேரத்துக்கு ஒத்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 8 முதல் அதை அணைக்கவும் முடியாது. சாளரங்கள் அழகாகத் தெரிய வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் பழைய ஆட்டத்தை முழுத்திரை முறையில் ஓட்டாமல் ஓரமில்லாத சாளரமாக ஓட்டினால் கிழிவு நின்றுவிடுவதற்கும் அதுவே காரணமாயிற்று. சிறிது தாமதம் கூடும். துப்பாக்கிப் போட்டி இல்லாத பழைய ஆட்டங்களுக்கு அது பொருட்டன்று.

கார்டின் டிரைவர் அமைப்புகள் வழியாக வி-சின்க்கைக் கட்டாயமாக்குவது மற்றொரு வழி. ஆட்டத்தின் பட்டியலில் அவ்வசதி இல்லாதபோதும், இருந்தும் வேலை செய்யாதபோதும் இதுவே முதலில் முயல வேண்டியது. அங்கே ஒரு பொறி உண்டு. என்விடியாவின் பட்டியலில் ‘டிரிபிள் பஃபரிங்’ என்ற வரியைக் கண்டு அதையும் போட்டுவிட்டு, 55 ஏன் இன்னும் 30 ஆகிறது என்று வியந்தவர்கள் ஏராளம். அந்த வரி ஓப்பன்ஜிஎல் ஆட்டங்களுக்கு மட்டுமே உரியது. பெரும்பாலான விண்டோஸ் ஆட்டங்கள் எழுதப்பட்ட டைரக்ட்3டியை அது தொடுவதில்லை. ரிவாடியூனரோடு வந்த டி3டிஓவர்ரைடர் என்ற சிறு கருவி பல ஆண்டுகள் அந்த இடைவெளியை நிரப்பியது. 2012இல் என்விடியா, நேரத்துக்கு வந்தால் ஒத்திசை, தாமதமானால் கிழிந்தாலும் காட்டு என்ற சமரசத்தை ‘அடாப்டிவ் வி-சின்க்’ என்ற பெயரில் தந்தது.

2013 அக்டோபரில் அதே நிறுவனம் அறிவித்த ‘ஜி-சின்க்’ தான் வழக்கின் தீர்ப்பையே புரட்டியது. அதுவரை எல்லா உத்திகளும் வரைபவர் திரைக்குக் காத்திருப்பதைப் பற்றியவை. இங்கே திரை வரைபவருக்குக் காத்திருந்தது. படம் முடிந்ததும் புதுப்பிப்பு, முடியும்வரை பொறுமை. மறு ஆண்டே ஏஎம்டியின் ‘ஃப்ரீசின்க்’ அறிமுகமானது. 2014 மே மாதம் டிஸ்ப்ளேபோர்ட் தரத்திலேயே ‘அடாப்டிவ் சின்க்’ இடம்பெற்றது. மின்கம்பியின் அதிர்வெண்ணுக்குக் கட்டிய முடிச்சு அவிழ எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கற்றை இல்லாத திரைகள் வீட்டுக்கு வந்தபிறகும் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் அந்த முடிச்சு தேவையே இன்றித் தொடர்ந்தது என்பதுதான் வியப்பு.

ஆனால் பழைய ஆட்டங்களுக்கு இது முழு விடுதலை அன்று. ஃபிரேம் எண்ணிக்கை திரையின் வேகத்தைத் தாண்டினால்தான் கிழியும் என்று பலரும் எண்ணுகிறார்கள். குறைவாக இருந்தாலும் ஒத்திசைவு இல்லாவிட்டால் கிழியும். மாறும் வேகமுள்ள திரையில் குறைவான எண் சிக்கலில்லை. அங்கே சிக்கல் மிகுதிதான். 20 ஆண்டு பழைய ஆட்டம் இன்றைய கார்டில் வினாடிக்கு 500 படம் தரும்; 144இல் முடியும் திரையால் அதைத் தொடர முடியாது; எல்லையைத் தாண்டியதும் பழைய கிழிவு திரும்பும். எண்ணிக்கையைத் திரையின் உச்சத்துக்குச் சில படம் கீழே, 140 போல, கட்டிவைக்க வேண்டும். ஆட்டத்தின் இயற்பியல் அதற்கும் கீழே கேட்டால் அந்த எண்ணையே மதிக்க வேண்டும். 1990களின் டைரக்ட்டிரா, கிளைடு மொழிகளில் பேசும் ஆட்டங்களை இன்றைய டிரைவர்கள் சரியாக அடையாளம் காண்பதில்லை. அவற்றை இன்றைய டைரக்ட்3டி மொழிக்குப் பெயர்த்துத் தரும் டிஜிவூடூ என்ற இடைநிலை நிரல் வழியாக ஓட்டினால் வி-சின்க்கும் பிடிக்கும், ஜி-சின்க்கும் பிடிக்கும்.

மாறும் வேகத் திரை இல்லாதவர்களுக்காக 2018இல் ரிவாடியூனரின் புள்ளிவிவரக் கருவியில் ‘ஸ்கேன்லைன் சின்க்’ என்ற வழி சேர்க்கப்பட்டது. அது கிழிவை ஒழிப்பதில்லை. திரை இப்போது எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று கார்டைக் கேட்டு, படத்தை மாற்றும் கணத்தைத் தள்ளித் தள்ளி, தையலைத் திரைக்கு வெளியே, இல்லாத கற்றை உச்சிக்குத் திரும்பும் அந்த இடைவெளிக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. தாமதமும் மிகக் குறைவு. 1977இல் 128 பைட்டில் அட்டாரி நிரலாளர் செய்த வேலையேதான்.

இன்று 2003இன் வைஸ் சிட்டியை ஆடுபவருக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ‘ஃபிரேம் சின்க்’, ‘ஃபிரேம் லிமிட்டர்’ இரண்டையும் போட்டுவைத்தால் போதும்: ஏறத்தாழ 30 படம், ஒவ்வொன்றும் இரண்டு புதுப்பிப்புகளுக்கு நிற்கும், பனைமரம் ஒரே துண்டாக இருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் அதை விண்டோஸ் அமைப்பில் 120க்கு இறக்கிக்கொள்வது நல்லது. 144ஐ 30ஆல் மீதியின்றி வகுக்க முடியாது, 120ஐ வகுக்கலாம்.